செல்போன் பறக்க எத்தனை மெகாவாட்?

ஆரணியிலிருந்து புதுவாயல் வந்து, கொல்கத்தா நெடுஞ்சாலையில் வடக்கே திரும்பினால் கும்மிடிப்பூண்டி. (பட்டுக்குப் பேர்போன ஆரணி வேறு. இது பெரியபாளையத்துக்குப் பக்கத்தில், ஆரணியாற்றங்கரையில் இருக்கும் ஆரணி.) அங்கே சிப்காட் பக்கம் இரும்பு உருக்கும் ஆலைகளின் ஸ்கிராப் யார்டில் கிரேனில் தொங்கும் வட்டக் காந்தத்தைப் பார்க்கலாம். தடித்த இரும்புத் தட்டு, உள்ளே கம்பிச் சுருள். ஆபரேட்டர் அதைக் குவியல் மேல் இறக்கி, நன்றாகப் படிய வைத்துவிட்டுத்தான் கரண்ட் கொடுப்பார். கொடுத்ததும் பழைய கம்பி, தகரம், சைக்கிள் ஃபிரேம், போல்ட்டு நட்டு எல்லாம் ஒரே கொத்தாக மேலேறும். கரண்ட்டை நிறுத்தினால் அத்தனையும் சடசடவென்று கொட்டும். இதில் கவனிக்க வேண்டியது, படிய வைக்கும் அந்த ஒரு நிமிடம். டன் கணக்கில் தூக்குகிற காந்தம்தான். ஆனாலும் ஓர் ஆள் உயரத்தில் நிறுத்திவிட்டுக் கரண்ட் கொடுத்தால் கீழே குவியல் பாட்டுக்குக் கிடக்கும். காந்தத்தின் பிடி, இடைவெளி கூடக் கூட அவ்வளவு வேகமாகத் தளர்ந்துவிடுகிறது.

இதை மனதில் வைத்துக்கொண்டு ஷங்கரின் ‘2.0’ படத்துக்கு வருவோம். 2010-இல் வந்த ‘எந்திரன்’ படத்தின் தொடர்ச்சி இது. 2018 நவம்பர் 29 அன்று வெளியானது. சென்னையில் ஆட்களின் கையிலிருந்தும் சட்டைப்பையிலிருந்தும் செல்போன்கள் பிய்த்துக்கொண்டு வானத்தில் ஏறுகின்றன. திரை ஒளிர, கூட்டம் கூட்டமாகச் சாலையில் ஊர்கின்றன. பிறகு எல்லாம் ஒன்றுசேர்ந்து ராட்சதப் பறவையாகச் சிறகடிக்கின்றன. செல்போன் கோபுரக் கதிர்வீச்சால் பறவைகள் அழிவதைத் தடுக்கப் போராடி, தோற்று இறந்துபோன பட்சிராஜன் என்ற பறவை ஆய்வாளரின் ‘ஆரா’தான் இவற்றை ஆட்டிவைக்கிறது என்கிறது கதை. அந்த வேடத்தில் அக்‌ஷய் குமார். எதிரே விஞ்ஞானி வசீகரனாகவும் அவர் செய்த ரோபோ சிட்டியாகவும் ரஜினிகாந்த்.

படம் வந்த நாளிலிருந்து லாஜிக் ஓட்டைகளை எண்ணுவது ஒரு பொழுதுபோக்காகவே இருக்கிறது. எண்ணுவதில் தப்பில்லை. ஆனால் எல்லா ஓட்டையும் ஒரே ரகமல்ல. அறிவியல் புனைகதைக்கு ஒரு பொய்க்கு அனுமதி உண்டு. காலத்தில் பின்னோக்கிப் போகலாம், ஆள் கண்ணுக்குத் தெரியாமல் மறையலாம். அந்த ஒன்றை ஒப்புக்கொண்ட பிறகு மற்றதெல்லாம் ஒழுங்காக நடக்க வேண்டும் என்பதுதான் எச்.ஜி. வெல்ஸ் காலத்திலிருந்து எழுதாத ஒப்பந்தம். அந்த வகையில் பறக்கும் செல்போன்தான் ‘2.0’ கேட்கிற ஒரு பொய். அதை மன்னிப்பதற்கு முன், அது எவ்வளவு பெரிய பொய் என்று அளந்து பார்த்தால் சுவாரசியமாக இருக்கிறது.

காந்தத்தால் இழுக்க முடியாது என்பதைக் கும்மிடிப்பூண்டிக் கிரேனே சொல்லிவிட்டது. போதாததற்கு செல்போனில் காந்தம் பிடிக்கிற இரும்பு மிகக் கொஞ்சம். பெரும்பகுதி கண்ணாடி, அலுமினியம், பிளாஸ்டிக், செம்பு, லித்தியம் பேட்டரி. ‘எந்திரன்’ படத்தில் சிட்டி தன்னைக் காந்தமாக்கி ரவுடிகளின் அரிவாள், கத்திகளை இழுத்துக்கொள்ளும் காட்சி ஞாபகம் இருக்கும். தூரம் கொஞ்சம் ஓவர் என்றாலும், இழுபட்டது இரும்பு. அதற்கு ஒரு நியாயம் இருந்தது.

அலுமினியத்தையும் செம்பையும் அசைக்க வேறு வழி இருக்கிறது. அதே ஆலைகளில் ஸ்கிராப்பை உருக்குகிற இண்டக்‌ஷன் ஃபர்னஸ் அந்த வழியில்தான் வேலை செய்கிறது. மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலத்தை உலோகத்தின் மேல் செலுத்தினால் அதற்குள் சுழல் மின்னோட்டம் பிறக்கும். அந்த மின்னோட்டம் தன்னைப் பிறப்பித்த புலத்தையே எதிர்த்துத் தள்ளும். தள்ளும் வேகத்தில் உலோகம் மிதக்கக்கூடச் செய்யும். ஆய்வகங்களில் ஒரு துளி அலுமினியத்தைச் சுருளுக்கு நடுவே அந்தரத்தில் நிறுத்திக் காட்டுவார்கள். ஆனால் நிற்கிற துளி திடமாக இருக்காது, உருகி ஒளிர்ந்துகொண்டிருக்கும். தள்ளுகிற அதே மின்னோட்டம்தான் சுடவும் செய்கிறது. ஃபர்னஸில் எஃகு 1,600 டிகிரி செல்சியஸை எட்டுவது இந்தச் சூட்டில்தான். ஆக, செல்போனை இப்படித் தூக்கப் போனால் அது மேலே கிளம்புவதற்குள் பேட்டரி வெடித்துவிடும்.

மிச்சம் இருப்பது அலை. கோபுரத்திலிருந்து வருவது மின்காந்த அலை. ஒளியும் அதே சாதி. ஒளிக்கு எடை கிடையாது, ஆனாலும் படுகிற பொருளைத் தள்ளும். 2010-இல் ஜப்பான் ஏவிய இகாரோஸ் விண்கலம் ஏறத்தாழ 200 சதுர மீட்டர் மெல்லிய பாயை விரித்து, சூரிய ஒளியின் உந்தலிலேயே பயணித்துக் காட்டியது. அவ்வளவு பெரிய பாய்க்குக் கிடைத்த உந்தல், பூமியில் ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கை உள்ளங்கையில் வைத்தால் தெரியும் கனத்துக்குச் சமம். இந்தக் கணக்கை 200 கிராம் செல்போனுக்குப் போட்டால், மேலே விழும் அலை முழுவதையும் போன் விழுங்கிக்கொள்கிறது என்று வைத்தால், அதை அந்தரத்தில் வெறுமனே நிறுத்தி வைக்கவே சுமார் 590 மெகாவாட் வேண்டும்.

590 மெகாவாட் என்றால் எவ்வளவு? வெகுதூரம் போக வேண்டாம். மீஞ்சூர் பக்கம் அத்திப்பட்டில் இருக்கும் வடசென்னை அனல்மின் நிலையத்தின் முதல் நிலை 210 மெகாவாட் வீதம் மூன்று அலகுகள், மொத்தம் 630 மெகாவாட். அது முழுவதும் ஒரே ஒரு போனுக்குச் சரியாகப் போய்விடும். இரண்டாம் நிலையின் 1,200, வல்லூர் அனல்மின் நிலையத்தின் 1,500 எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டாலும் ஐந்து போன்கள்தான். ஆறாவதுக்கு மின்வெட்டு. உள்ளங்கை அகலப் பொருளின் மேல் அத்தனை மெகாவாட் விழுந்தால் அந்தப் போன் ஆவியாகிவிடும் என்பது வேறு விஷயம்.

இனிமேல்தான் ஆச்சரியம். போனின் பேட்டரியிலேயே சுமார் 15 வாட்-மணி ஆற்றல் இருக்கிறது. அந்த ஆற்றலைத் துளி வீணாக்காமல் உயரமாக மாற்ற முடிந்தால், போன் தன்னைத்தானே 27 கிலோமீட்டர் உயரத்துக்குத் தூக்கிக்கொள்ளலாம். விமானம் பறக்கிற உயரத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல்! ஒரு பக்கம் அனல்மின் நிலையமே போதாது, இன்னொரு பக்கம் சட்டைப்பையில் இருக்கிற பேட்டரி போதும். இரண்டும் எப்படி உண்மையாக இருக்க முடியும்?

பழவேற்காட்டு ஏரியில் ஆழமில்லாத இடத்தில் கழி ஊன்றிப் படகு தள்ளுகிறவரைக் கேட்டால் பதில் கிடைக்கும். கழிக்குத் தரை தட்டினால் ஓர் உந்தில் படகு நகரும். தட்டவில்லை என்றால் எவ்வளவு பலசாலியாக இருந்தாலும் தண்ணீரைத்தான் துழாவ வேண்டும். மேலே போவதற்கு எதையாவது கீழே தள்ளியாக வேண்டும். நிறையப் பொருளை மெதுவாகத் தள்ளினால் செலவு குறைவு. கொஞ்சத்தை வேகமாகத் தள்ளினால் செலவு ஏறும். எடையே இல்லாத ஒளியை உச்ச வேகத்தில் தள்ளுவதைவிடச் செலவு பிடித்த வழி இயற்கையில் இல்லை. பறவை அகலச் சிறகால் நிறையக் காற்றை மெல்லத் தள்ளுகிறது. அதனால்தான் நாலு மீனைத் தின்றுவிட்டு நாள் முழுக்கப் பறக்கிறது. படத்தின் போன்களுக்கு ஆற்றல் பஞ்சமில்லை. ஊன்றிக்கொள்ளத்தான் எதுவும் இல்லை.

ராட்சதப் பறவை விஷயத்தை நீட்ட வேண்டியதில்லை. எதையும் பத்து மடங்கு பெரிதாக்கினால் சிறகின் பரப்பு நூறு மடங்கும் எடை ஆயிரம் மடங்கும் ஆகும். பழவேற்காட்டுக்கு வரும் ஐந்து கிலோ கூழைக்கடாவைப் பத்து மடங்காக்கினால் ஐந்து டன். அது மூன்று மடங்குக்கு மேல் வேகமாகப் போனால்தான் காற்றில் நிற்கும். பூமியில் பறந்ததிலேயே பெரிய உயிர்களில் ஒன்றான குவெட்சால்கோட்லஸ் என்ற பழங்காலப் பறக்கும் ஊர்வனவே சிறகு விரித்தால் பத்துப் பதினோரு மீட்டர்தான்.

ஜனங்கள் அதிகம் சிரித்தது கடைசியில் வரும் குட்டி ரோபோக்களைப் பார்த்து. விரல் உயர ரஜினிகள் புறாக்களின் முதுகில் ஏறி ஸ்டேடியத்துக்குள் பறந்து வரும் காட்சி. எனக்கென்னவோ மொத்தப் படத்திலும் அறிவியலுக்கு மிக நெருக்கமான காட்சி அதுதான் என்று படுகிறது. 1907-இல் ஜெர்மனியில் ஜூலியஸ் நாய்ப்ரோன்னர் என்ற மருந்தாளுநர் புறாவின் மார்பில் குட்டிக் கேமராவைக் கட்டிப் பறக்கவிட்டு வானத்திலிருந்து படம் பிடித்தார். அந்தக் கேமராக்கள் 75 கிராம் வரை இருந்தன. ஒடிசா காவல்துறை செய்தி அனுப்ப வெகுகாலம் புறாப்படையே வைத்திருந்தது. இன்று அமூர் வல்லூறுகளின் முதுகில் ஐந்து கிராம் அளவுச் சாட்டிலைட் கருவியைக் கட்டி, மணிப்பூரிலிருந்து ஆப்பிரிக்கா வரை அவை போகும் வழியைத் திரையில் பின்தொடர்கிறார்கள். பறவை மேல் ஒரு இயந்திரம் சவாரி செய்வது புனைவே இல்லை. வசனம் பேசுவது மட்டும்தான் கூடுதல்.

கதைக்குள் இருக்கிற ஓட்டைதான் இந்த அறிவியல் ஓட்டைகளைவிடப் பெரிது. ‘எந்திரன்’ தனக்கென்று சட்டம் போட்டுக்கொண்ட படம். சிட்டிக்குச் சார்ஜ் தீரும். மனித உணர்வு புகட்டினால் அது கேடாகவும் திரும்பும். சிவப்புச் சிப்பை வைத்தால் வில்லன், எடுத்தால் சாது. கோர்ட் உத்தரவு போட்டால் கழற்றி வைத்துவிடலாம். அந்தப் படத்தின் வசனத்தில் பங்கு கொண்ட எழுத்தாளர் சுஜாதா, பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் வேலை பார்த்த பொறியாளர். படம் வெளிவருவதற்கு முன்பே, 2008-இல் காலமானார். கழற்றப்பட்ட சிட்டி 2030-இல் அருங்காட்சியகத்தில் நிற்பதோடு கதை முடிகிறது. 2030 வரை நாள் குறித்துவிட்ட கதைக்குத் தொடர்ச்சி எடுப்பது தொல்லைதான். சிட்டியை நடுவில் எழுப்பி வேலை வாங்கிவிட்டு மறுபடி கொண்டுபோய் நிறுத்தினார்கள் என்று நாமே சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். சமாதானம் சொல்ல முடியாதது ஆரா. எல்லாவற்றுக்கும் ஓர் இயந்திரக் காரணம் உண்டு என்று நம்மை நம்பவைத்த உலகத்துக்குள், செத்தவரின் ஆற்றல் உயிரோடு திரிகிறது, எதிர்மறை ஆற்றலை நேர்மறை ஆற்றலால் அணைத்துவிடலாம் என்று இரண்டாம் பாகம் சொல்கிறது. இது பேய்க்கதை. பேய்க்கதை எடுப்பது குற்றமில்லை. ஆய்வகக் கோட்டு மாட்டிவிடுவதுதான் உறுத்துகிறது.

ஆராவைப் படம் பிடித்திருக்கிறார்களே என்று கேட்பவர்கள் உண்டு. 1939-இல் சோவியத் நாட்டில் செம்யோன் கிர்லியான் என்ற எலெக்ட்ரீசியன், உயர் மின்னழுத்தம் கொடுத்த தகட்டின் மேல் விரலை வைத்துப் படம் எடுத்தார். விரலைச் சுற்றி நீல ஒளிவட்டம் விழுந்தது. அது விரலோரத்துக் காற்று மின்சாரத்தில் உடைந்து மினுங்குவது. கையில் வியர்வை கூடக் குறைய ஒளிவட்டமும் மாறும். உயிரில்லாத நாணயத்தை வைத்தாலும் வரும். மழை இரவில் அலமாதி பக்கம் 400 கிலோவோல்ட் லைனுக்குக் கீழே நின்றால் தலைக்கு மேல் உஸ்ஸென்று கேட்கிற சத்தமும் இதே சங்கதிதான்.

இதுவரை சொன்ன எதற்காகவும் படத்தின் மேல் எனக்கு வருத்தமில்லை. வருத்தம் வேறு இடத்தில். பறக்கும் போனை யாரும் நம்பி வீட்டுக்கு எடுத்துப் போகவில்லை. செல்போன் டவரால்தான் சிட்டுக்குருவி அழிந்தது என்பதை எடுத்துப் போனார்கள். கதையில் அது கற்பனையாக வரவில்லை. நடப்பில் இருக்கும் உண்மை, அதன் மேல்தான் கற்பனை கட்டப்பட்டிருக்கிறது என்கிற தோரணையில் வருகிறது. படம் வெளியாவதற்குச் சில நாள் முன்பு செல்போன் கம்பெனிகளின் சங்கம், படம் அறிவியலுக்கு விரோதமானது என்று தணிக்கை வாரியத்துக்குப் புகார் கொடுத்தது. தன் வியாபாரத்துக்காகக் கொடுத்த புகார் என்பது யாருக்கும் தெரியும். சொல்கிறவர் யார் என்பதை விட்டுவிட்டு, சொன்ன விஷயத்தைப் பார்ப்போம்.

செல்போன் அலையின் ஒரு துகளுக்கு இருக்கும் ஆற்றல், நாம் கண்ணால் பார்க்கும் ஒளியின் ஒரு துகளுக்கு இருப்பதில் சில லட்சங்களில் ஒரு பங்கு. உடலின் மூலக்கூறுகளை உடைக்க அதற்குத் தெம்பு போதாது. அது செய்யக்கூடியது சூடாக்குவது. 2012 செப்டம்பரில் இந்தியா கோபுரக் கதிர்வீச்சின் வரம்பைச் சர்வதேச அளவில் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தது. 900 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு ஒரு சதுர மீட்டரில் 0.45 வாட். உச்சி வெயில் அதே ஒரு சதுர மீட்டரில் சுமார் 1,000 வாட்டைக் கொட்டுகிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2011-இல் இந்த அலைகளை ‘ஒருவேளை காரணமாகலாம்’ என்ற வரிசையில் வைத்தது உண்மை. அதே ஆண்டு சுற்றுச்சூழல் அமைச்சகம் அமைத்த குழு, பறவைகளையும் தேனீக்களையும் பற்றி எச்சரிக்கையாக இருக்கச் சொன்னதும் உண்மை. எச்சரிக்கை வேறு, தீர்ப்பு வேறு.

குருவிகள்? நாடெங்கும் பறவை ஆர்வலர்கள் குறித்து வைத்த லட்சக்கணக்கான பதிவுகளிலிருந்து 2020-இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, சிட்டுக்குருவியின் எண்ணிக்கை நாட்டளவில் கால் நூற்றாண்டாக ஏறக்குறைய நிலையாக இருக்கிறது, பெருநகரங்களில்தான் குறைந்திருக்கிறது என்று காட்டியது. டவர் இல்லாத கிராமம் இன்று ஏது? டவர்தான் காரணம் என்றால் கிராமத்திலும் குறைந்திருக்க வேண்டும். குருவிக் குஞ்சு பொரித்த முதல் சில நாட்கள் தானியம் தின்னாது, மெத்தென்ற பூச்சி வேண்டும். கூடு கட்ட ஓட்டு வீட்டு இறவாரம் வேண்டும், சுவரில் பொந்து வேண்டும். காங்கிரீட் பெட்டி வீட்டில் இரண்டும் கிடையாது. காகங்களோ செல்போன் டவரின் ஆன்டெனாவுக்குப் பக்கத்திலேயே சுள்ளி அடுக்கிக் குடும்பம் நடத்துகின்றன.

கோபுரங்கள் பறவைகளைக் கொல்லவே இல்லை என்று சொல்ல வரவில்லை. அமெரிக்காவிலும் கனடாவிலும் உயரமான தகவல் தொடர்புக் கோபுரங்களில் மோதி ஆண்டுக்கு 68 லட்சம் பறவைகள் சாகின்றன என்று 2012-இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. கொல்வது அலை அல்ல. உச்சியில் விடிய விடிய எரியும் சிவப்பு விளக்கும், கோபுரத்தை இழுத்துக் கட்டிய கம்பிகளும். மேகமூட்டமான இரவில் வலசைப் பறவைகள் அந்த விளக்கை விட்டுப் போக முடியாமல் சுற்றிச் சுற்றி வந்து கம்பியில் அடிபடுகின்றன. அணையாமல் எரியும் விளக்கை விட்டு விட்டு எரிய வைத்தாலே சாவு பாதிக்கு மேல் குறைந்தது என்பது மிச்சிகனில் செய்த சோதனையின் முடிவு. நம் நாட்டில் கானமயிலுக்கு எமன் மின்கம்பி. 2021-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்ட விவகாரம் அது. பழவேற்காட்டில் பூநாரைகள் கால் நனைக்கிற சேற்றுக்கு வந்திருக்கும் ஆபத்தோ தூர்ந்துபோகிற முகத்துவாரத்திலும், எண்ணூர்ப் பக்கம் ஆற்றில் கலந்த அனல்மின் நிலையச் சாம்பலிலும், காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்திலும் இருக்கிறது. இதையெல்லாம் 3டி-யில் பறக்க வைப்பது கஷ்டம், ஒப்புக்கொள்கிறேன்.

அலைக்கும் பறவைக்கும் சம்பந்தமே இல்லையா என்றால், இருக்கிறது. படத்தில் வருவதைவிட விசித்திரமான சம்பந்தம். இரவில் வலசை போகும் ஐரோப்பிய ராபின் என்ற கையடக்கப் பறவை பூமியின் காந்தப்புலத்தை வைத்துத் திசை அறிகிறது. அதன் விழித்திரையில் கிரிப்டோகுரோம் என்ற புரதம் இருக்கிறது. நீல ஒளி பட்டதும் அதற்குள் எலெக்ட்ரான்கள் ஜோடி பிரிகின்றன. பிரிந்த ஜோடியின் போக்கை அவ்வளவு மெலிந்த பூமிக் காந்தமும் மாற்றுகிறது. பறவை வடக்கைக் கண்ணாலேயே பார்க்கிறது என்றுகூடச் சொல்லலாம்.

ஜெர்மனியில் ஓல்டன்பர்க் பல்கலைக்கழகத்தில் ஹென்ரிக் மௌரிட்சன் குழுவினர் சோதித்த ராபின்கள் வளாகத்து மரக்குடில்களுக்குள் திசை தெரியாமல் தடுமாறின. குடிலைச் சுற்றி அலுமினியத் தகடு அடித்து எர்த் கொடுத்தார்கள், சரியாகிவிட்டது. எர்த்தைக் கழற்றினார்கள், மறுபடி தடுமாற்றம். பல ஆண்டுகள் திரும்பத் திரும்பச் செய்து பார்த்து 2014-இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். நகரத்து மின்கருவிகளும் ஏ.எம். வானொலியும் உமிழ்கிற, 50 கிலோஹெர்ட்ஸிலிருந்து 5 மெகாஹெர்ட்ஸ் வரையிலான மிக மெல்லிய அலை இரைச்சலே போதுமாக இருந்தது. அடுத்து எந்த அலைவரிசை வரை இந்தக் குழப்பம் நீள்கிறது என்று தேடினார்கள். 75 முதல் 85 மெகாஹெர்ட்ஸ் வரை பறவை குழம்பியது. 140-ஐத் தாண்டியதும் குழப்பம் இல்லை. கிரிப்டோகுரோம் கோட்பாடு போட்ட கணக்கும் அதற்கு நடுவில்தான் எல்லை வகுக்கிறது. நம் நாட்டில் செல்போன்கள் பேசிக்கொள்வது 700 மெகாஹெர்ட்ஸுக்கு மேல்.

சென்னை வானொலியின் மத்திய அலை 720 கிலோஹெர்ட்ஸ். பட்சிராஜன் ஓல்டன்பர்க் ஆய்வைப் படித்திருந்தால் போன் கடைகளை விட்டுவிட்டு நேராக ஆகாசவாணிக்குத்தான் போயிருப்பார்.